மூன்று வரிக்குள்

“இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள யானை போடி டவுனுக்கே இறங்கிரும் போலக்கா” என்றாள் வனிதா.

காலை ஆறரை மணி. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெண்கள் எல்லோரும் போனும் கையுமாக நின்றார்கள். வாச்சர் சுருளியப்பனின் செய்தி வந்திருந்தது.

விடியும்போது தேயிலைத் தோட்டத்துப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, யானை எங்கே நிற்கிறது என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவது அவர் வேலை. அதைப் பார்த்துத்தான் கங்காணி சித்ரா ஆட்களைக் கொழுந்துக்காட்டுக்குக் கூட்டிப்போவாள்.

“வாசிக்கேன், கேளுங்க. ‘எல்லாருக்கும் வணக்கம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கட்டன் சாயா குடிச்சேன் சீனி தீந்து போச்சு வெளிய நல்ல பனி ஒரு நாய் கூடவே வந்துச்சு...’ ஒரு புள்ளி இல்ல, ஒரு பத்தி இல்ல.”

“நாய் பேரையும் போடச் சொல்லுடி.”

எல்லோரும் சிரித்தார்கள். பூமாரி மட்டும் சிரிக்கவில்லை.

“யானை எத்தனாவது வரியில வருது?” என்று கேட்டாள்.

“இருபத்திரெண்டு.”

சிரிப்பு நின்றுபோனது. போன வாரம் பூமாரி பத்து வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் நடந்தவள். யானை எதிரே நின்றது. ஓடி விழுந்ததில் தாடையில் ஆறு தையல்.

சித்ரா அங்கேயே நின்று சுருளியப்பனைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. நாளையிலருந்து மூணு வரிதான். எங்க நிக்குது, எத்தனை நிக்குது, வரலாமா வேணாமா. அம்புட்டுத்தான்.”

“வழியில பாத்ததச் சொல்ல வேணாமா தாயி?”

“அதெல்லாம் எங்களுக்கு எதுக்குண்ணே? யானைய மட்டும் சொல்லுங்க.”

“மூணுக்கு மேல போயிட்டா?”

“அட்மின் நாந்தான். மொத்தத்தையும் அழிச்சிருவேன்.”



“சரி தாயி.”

மறுநாள் பனி அப்பியிருந்தது. பக்கத்தில் நிற்பவள் குரல் கேட்டது, முகம் தெரியவில்லை. ஆறு இருபதுக்குச் செய்தி வந்தது.

‘ஒத்தை யானை.
மூணாம் வளைவுப் பாலத்து மேல நிக்குது.
யாரும் வராதீங்க.’

குரூப்பே குதூகலமாகிவிட்டது.

‘இதுதாண்ணே எழுத்து!’

‘கண்ணாடி போடாமலே படிச்சிட்டேன்.’

‘அண்ணன் திருந்திட்டாரு.’

கைதட்டும் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. சித்ராவும் எழுதினாள்: ‘ரொம்ப நல்லாருக்குண்ணே. தினமும் இப்படியே போடுங்க.’

யார் என்ன எழுதினாலும் உடனே வணக்கம் போடுகிற மனிதர். அன்று பதிலே இல்லை.

“ரோசக்காரரு” என்றாள் வனிதா. “கோவம் போல.”

எட்டு மணிக்கு வனத்துறையிலிருந்து போன் வந்தது. மேட்டில் பனி விலகியதும் எதிர்மலையிலிருந்து பார்த்தார்களாம், யானை மேலே காட்டுக்குள் ஏறிவிட்டதாம். சித்ரா ஆட்களோடு கிளம்பினாள். யானைப் பாதையில் போனைச் சத்தமில்லாமல் அதிர்வில் மட்டும் வைத்து, பேசாமல் நடப்பது தோட்டத்து வழக்கம். பதினெட்டுப் பேர் நடந்தும், பனிக்குள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்றாம் வளைவுச் சின்னப் பாலத்தின் மேல் யானைச் சாணி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

உர்ர்ர்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். யானை அடிவயிற்றில் உறுமுவது போல ஒரு சத்தம். முன்னாலிருந்து வரவில்லை, பின்னாலிருந்தும் இல்லை. காலுக்குக் கீழே இருந்து வந்தது.

பூமாரி சித்ராவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

உர்ர்ர்.

“அக்கா” என்றாள் வனிதா, மூச்சு மட்டும் வெளியே வர. “என் இடுப்புல போன் அதிரும்போதெல்லாம் கீழயும் அதிருது.”

சித்ரா அவளைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து, குரூப்பில் ஒரு புள்ளி மட்டும் போட்டு அனுப்பினாள்.

பாலத்துக்கு அடியில் உர்ர்ர் என்றது.

இன்னொரு புள்ளி.

உர்ர்ர்.

அதே நேரத்தில் லயத்து வீடுகளில் இருந்த யாரோ இன்னும் கைதட்டல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் ரோட்டுக்கு அடியில் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

சித்ராதான் முதலில் சரிவில் இறங்கினாள்.

பாலத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் சாய்வான குழாய், காய்ந்து கிடந்தது. அதன் வாய் வழியாக ஓர் ஆள் நுழையலாம். உள்ளே சுருளியப்பன் சுருண்டு கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. கைக்கு எட்டாத ஆழத்தில், குழாயின் மறுகோடியில், போன் வெளிச்சம் எரிந்து எரிந்து அணைந்தது.

இழுத்து வெளியே போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார்.

“யானை தட்டிவிட்டுருச்சு. உள்ள நுழைஞ்சுக்கிட்டேன். மேலயே நின்னுச்சு தாயி, ரொம்ப நேரம். சத்தம் போட முடியல. செய்திய அனுப்புன கையோட போனும் நழுவிப்போச்சு.”

“அந்தச் செய்தியில சொல்லியிருக்கலாம்லண்ணே!” சித்ராவுக்குக் குரல் உடைந்தது. “கால் ஒடிஞ்சு பாலத்துக்கு அடியில கெடக்கேன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? இம்புட்டு நேரம் நாங்க கைதட்டிக்கிட்டுல்ல இருந்தோம்!”

“எழுதுனேன் தாயி. நாலு வரியாப் போச்சு. நீ மொத்தத்தையும் அழிச்சிட்டா, யானை நிக்கிறது தெரியாம பிள்ளைக நடந்து வந்திருமேன்னு...”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“என் வரிய எடுத்துட்டேன்.”