கிருத்திகையன்று சர்க்கரை மாத்திரை

முதியோர் இல்லத்தில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியாயிற்று. உலகம்மாளின் தட்டில் மட்டும் இட்லி அப்படியே ஆறிக் கிடந்தது. சற்று முன்புதான் நர்ஸ் ரெஜினா அவள் உள்ளங்கையில் சர்க்கரை மாத்திரையை வைத்து, "முழுங்கியாச்சா ஆச்சி?" என்று கேட்டு, தலையாட்டலை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள்.

"ஏன் ஆச்சி சாப்பிடல?" திரும்பி வந்த ரெஜினா தட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்குக் கிருத்திகைல்லா. பொழுது அடையாம பல்லுல ஒண்ணும் படாது."

மாத்திரை உள்ளே போய் ஆகாரம் போகாவிட்டால், சர்க்கரை இறங்கி ஆள் பேச்சுமூச்சில்லாமல் சாய்ந்துவிடும். ரெஜினா அடுப்படிக்கு ஓடிப்போய்க் கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்துவந்து ஆச்சியின் வாயருகே நீட்டினாள். உதடுகள் பூட்டிக்கொண்டன.

"ஒங்க முருகன்ட்ட நான் பேசிக்கிடுதேன். வாயத் தொறங்க."

"நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரி. ஒன் பேச்ச அவன் எதுக்குட்டி கேக்கான்?"

ரெஜினா மறு கையால் ஆச்சியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ஆச்சி தன் சேலைத் தலைப்பின் முடிச்சை மெதுவாக ரெஜினாவின் பக்கம் தள்ளினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் முடியாமல் ரெஜினா பல்லால் கடித்து இழுத்தாள். முதலில் ஒரு கிராம்பு விழுந்தது. அதன் பின்னால், ஈரம்கூடப் படாமல், மாத்திரை.

"சாப்பிடாத அன்னைக்கு அது எதுக்குன்னு முடிஞ்சு வச்சேன். ஏசுவியோ?"

ரெஜினா ஏசத்தான் வாயைத் திறந்தாள். பிறகு கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்து, கையிலிருந்த கருப்பட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.