வாசற்படியில் எலுமிச்சங்காய்

மூன்றாம் நாளும் வாசற்படியில் எலுமிச்சங்காய் கிடந்தது. நடுவில் பிளந்து, குங்குமம் அப்பி, ஈரம்கூடக் காயாமல்.

பெயின்ற் அடிக்க வந்த நிருஷன் தெருவாசல் படலையோடு நின்றுவிட்டான்.

"அண்ணை, நான் உள்ளுக்கு வரமாட்டன். நேற்று மத்தியானம் குசினிக்குள்ளை பொம்பிளை அழுத சத்தம் கேட்டது. போய்த் தள்ளினா, கதவு பூட்டிக் கிடக்கு."

"உனக்கு விசரே? மிச்சச் சுவரை ஆர் அடிக்கிறது?"

"கரவெட்டி முழுக்கத் தெரியும், உது பேய் வீடெண்டு. நீங்கள்தான் கனடாவிலை இருந்தனீங்கள்."

சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டை விற்கக் கனடாவிலிருந்து வந்திருந்த ஜெயசுதன் நேரத்தைப் பார்த்தான். பின்னேரம் மூன்று மணிக்கு, வாங்குகிறவர் எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வருகிறார். தரகர் முன்னர் கூட்டிவந்த மூன்று பேரும் அழுகைச் சத்தம் கேட்டு ஓடியவர்கள். இவரும் ஓடினால் ரொறன்ரோவில் பார்த்து வைத்த வீடு கைவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை விமானம் வேறு.

வந்து நாலு நாள். தங்கல் யாழ்ப்பாண டவுனில், மச்சாள் வீட்டில். காலையில் ஓட்டோவில் வருவதும் பொழுதுபட முதல் ஓடுவதுமாக இருந்ததில், பக்கத்து வீட்டுக்கு எட்டிப் பார்க்கவும் நேரமில்லை. அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்ட நாளிலிருந்து இருபது வருடம் பூட்டிக் கிடந்த வீடு. ஆனாலும் முதிரை மரக் கதவும் யன்னலும் அப்படியே இருந்தன. எல்லாம் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

வேறு வழியில்லை. சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன்கதவைச் சாத்திக்கொண்டு தானே அடிக்கத் தொடங்கினான்.

நேரம் பன்னிரண்டரை ஆகியிருக்கும். உச்சிப்பொழுதில் முனி நடமாடும் என்று அம்மா சின்ன வயதில் வெருட்டியது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

கற்பூரம் மணத்தது.

குசினிக்குள், அடுப்படிப் பக்கம், ஏதோ உரசியது. பிறகு அழுகை. ஒப்பாரிபோல் இழுத்து இழுத்து, ஒரு பெண்குரல்.

அழுகை கிட்டக் கிட்ட வந்தது.

குசினிக் கதவு திறந்தது.

வெள்ளைச் சேலை. அவிழ்ந்த தலைமயிர். ஒரு கையில் கத்தி, மற்றக் கையில் எலுமிச்சங்காய்.

"ஐயோ!" என்று அலறினான். வெறும் மேலும், முகமெல்லாம் வெள்ளைப் பெயின்றுமாக நின்ற அவனைக் கண்டு பேயும் அலறியது.

கத்தி கீழே விழுந்தது. பேய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டது. அப்போதுதான் ஆளைத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பத்மாவதி அக்கா.

பயம் போன கையோடு அவனுக்குக் கோபம் வந்தது.

"நீங்களே, பத்மாக்கா? மூண்டு பேரைக் கலைச்சதும் நீங்கள்தானோ? எங்கடை வீடு விலைப்பட்டா உங்களுக்கென்ன எரிச்சல்? வெக்கமா இல்லையே?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆர், சுதனே? எப்ப வந்தனி?"

"நாலு நாளாச்சு."

"நாலு நாளோ..." அவள் விழுந்த கத்தியை எடுத்து ஓரமாக வைத்தாள். "வீடு விக்கிறாய் எண்டு எனக்கு ஆர் சொன்னது, தம்பி? தெரியாத ஆக்கள் வாறாங்கள், சுவரைத் தட்டுறாங்கள், யன்னலை அளக்கிறாங்கள். எங்கடை தெருவிலை சிவசுப்பிரமணியத்தாற்றை பூட்டின வீட்டிலையும் உப்பிடி அளந்துபோட்டுத்தான் ஓடு, கதவு, யன்னல் எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போனவங்கள்."

சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பின்கதவுச் சாவியை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள்.

"கொம்மா போகேக்கை இதைத் தந்து, பாத்துக்கொள் எண்டவ. தனிச்ச பொம்பிளைக்கு எந்தக் கள்ளன் பயப்பிடுவான்? அதுதான் இருபது வருசமா உன்ரை வீட்டுக்குப் பேயா நிண்டனான்."