ஏழாம் மாசத்து எடை

"இந்த மாசமும் முள்ளு அசையலை!"

நர்ஸ் செல்லத்தாய் எடை மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "ஏழு மாசத்துல மூணே கிலோதான் ஏறியிருக்கு. பிள்ளை வளர்ச்சியும் கம்மி. இப்படியே போனா பிள்ளை தங்குமான்னு எனக்கே பயமா இருக்கு. வீட்டுல சோறு போடுறாகளா, இல்லையா?"

மெஷினை விட்டு இறங்கிய பாண்டிசெல்வி, பக்கத்தில் நின்ற மாமியார் பிச்சையம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அது போதாதா? நர்ஸின் கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஏம்மா, பிள்ளத்தாச்சியைப் பட்டினியா போட்டு வச்சிருக்கீங்க?"

"அதில்லைங்க சிஸ்டர்... நெறையத் தின்னா பிள்ளை பெருத்துப் போகும். பொறவு பிரசவத்துல தாய் உசுருக்கே ஆபத்தாயிரும்லா?"

வரிசையில் இருந்த பொம்பளைகள் அம்புட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடிப்பாவி! இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மாமியாரா?" என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்.

"யாரு சொன்னது உங்களுக்கு?" நர்ஸ் கத்தினாள். "வயித்தைக் காயப்போட்டா பிள்ளை நோஞ்சானாப் பொறக்கும். குறைமாசத்துலயே வந்துரும். தாய்க்கு முக்குறதுக்குக்கூடத் தெம்பு இருக்காது. பிள்ளை பெருசுன்னா ஸ்கேன்ல முன்னாடியே தெரிஞ்சிரும். டாக்டர் பாத்துக்குவாங்க!"

"நெசமாவா சிஸ்டர்? தின்னா தாய்க்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" பிச்சையம்மாள் விடாமல் கேட்டாள்.

"தின்னாட்டித்தான் ஆகும்! இனி ஒரு வேளை இவளுக்குச் சோறு குறைஞ்சது, உங்களை நான் சும்மா விட மாட்டேன்!"

வெளியே வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். பாண்டிசெல்வி பொசுக்கென்று அழுதுவிட்டாள்.

"அத்தை, நீங்க போட்ட சோத்தையெல்லாம் கோழிக்குக் கொட்டுனது நான். கான்சாபுரத்து அக்கா மாதிரி நானும் பிரசவத்துல போயிருவேனோன்னு பயம். அவளுக்குப் பிள்ளை பெருசுன்னுதானே சொன்னாக..."

"தெரியும்ட்டி. நீ மெலிய மெலிய நம்ம கோழியில்ல கொழுக்குது!"

"தெரிஞ்சுமா அத்தை அம்புட்டு ஏச்சையும் வாங்குனீக?"

"தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லிப் பாத்தேன், நீ நம்பலை. சிஸ்டர்கிட்ட கேக்கவும் உனக்குப் பயம். அதான் நானே கேட்டேன்."

பிச்சையம்மாள் தூக்குவாளியைத் திறந்து, நெய் விட்ட பருப்புச் சோற்றில் ஒரு கவளம் உருட்டினாள்.

"கெட்ட பேரு வாங்குனதுல நான் ஒண்ணும் மெலிஞ்சிற மாட்டேன். நீ வாயைத் திற தாயி."