முப்பத்தேழாவது வரி

அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள்.

கப்பல் அட்டவணையில் முப்பத்தேழாவது வரி. வருகை: வியாழன், காலை ஆறு மணி.

உலகத்துச் சரக்குப்பெட்டிக் கப்பல்களோடு நாடு எவ்வளவு ஒட்டுறவாக இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போடுகிற அலுவலகம் அது. எத்தனை கப்பல், எவ்வளவு பெரிசு, எத்தனை நாட்டுக்கு நேராகப் போகிறது.

எல்லாம் அட்டவணையைப் பார்த்துத்தான். கப்பல் வந்ததா என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வரும் என்று போட்டிருந்தால் வந்த மாதிரிதான்.

முப்பத்தேழாவது வரியில் இருந்த கப்பல் முழுகிப் பத்தொன்பது நாள் ஆகிறது.

அதில் லிகோரி சமையல்காரன். அவளுக்குப் புருஷன்.

தேடுவதை நேற்றோடு நிறுத்தியாயிற்று.

கப்பல் கம்பெனி கையை விரித்துவிட்டது. அரசாங்கம் வருத்தம் தெரிவித்துவிட்டது. மாமியார் கோயிலில் ஆன்ம சாந்திப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இந்த வரி மட்டும்தான் வியாழக்கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மேலதிகாரி பொன்ராஜ் சார் பக்கத்தில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

“அழிக்காதம்மா, மார்க்கு கொறையும். கம்பெனிக்காரன் அதே நாளுக்கு வேற கப்பல் விட்டுட்டான். பேர மட்டும் மாத்திரு.”

புதுக் கப்பல் கொஞ்சம் பெரிசு.

அவள் பேரை மாற்றவில்லை.

அடியில் இன்னொரு வரி சேர்த்தாள். அதில் புதுக் கப்பலை எழுதினாள்.

நாலு மணிக்கு மதிப்பெண் வந்தது. நாடு முன்னேறியிருந்தது.

மேலிடத்திலிருந்து பாராட்டிப் போன் வந்தது. லட்டு வந்தது. வரிகளை யாரும் எண்ணவில்லை.

லிகோரியின் கப்பல் வருகிற நாளில் அவள் வேலைக்கு வருவதில்லை. எட்டு வருஷமாக அப்படித்தான். அலுவலகத்துக்கே தெரியும்.

விடுப்புத் தாளைப் பொன்ராஜ் சார் மேசையில் வைத்தாள்.

நாள்: வியாழன்.

காரணம்: கணவர் வருகை.

அவர் தாளைப் பார்த்தார். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அட்டவணையைத் திறந்து மெதுவாகக் கீழே இறங்கினார்.

முப்பத்தேழு இருந்தது.

வாயில் லட்டை மெல்லாமல் வைத்துக்கொண்டே, கையெழுத்துப் போட்டார்.