வான்கோழியம்மாவின் கேள்விகள்

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்சத ராட்டினத்துக்குத்தான் மவுசு. வரிசை வால் போல நீண்டு கிடந்தது. பின்னங்கால்கள் விளங்காத கீரி, கூட்டாளி எருமை தள்ளிவந்த சக்கர நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு ஏறியே தீருவது என்று வந்தவன்.

பின்னால் புருஷனோடு நின்ற வான்கோழியம்மா கழுத்தை நீட்டி எருமையிடம் கேட்டாள்: “இதுக்கு என்ன ஆச்சு? தானா சாப்பிடுமா? கடிக்குமா? இதையெல்லாம் எதுக்கு இங்கே இழுத்துட்டு வர்றீங்க?”

எருமை தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தான். கீரிக்குச் சுருக்கென்றது. சண்டைக்குப் போனால் ஆசையாய் வந்த நாள் பாழாகிவிடும். நாற்காலியை மெல்லத் திருப்பி, வான்கோழியம்மாவின் புருஷனைப் பார்த்தான்.

“அண்ணே, இவங்க தானா சாப்பிடுவாங்களா? கொத்துவாங்களா? பேச்சு வருமா?”

கல்யாணமான நாள் முதல் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனிதர் பூரித்துப்போனார்.

“பேச்செல்லாம் நல்லா வரும் தம்பி. நிறுத்தத்தான் வராது.”

வரிசையே கொல்லென்று சிரித்தது. வான்கோழியம்மாவின் கழுத்து இன்னும் சிவந்தது.

நாலு பேரையும் ஒரே கூண்டில் ஏற்றினார்கள். உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது, கூண்டு கிடுகிடுவென ஆடியது. வான்கோழியம்மா கீரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

“தம்பி, உனக்குப் பயமா இல்லையா?”

“ரொம்பப் பயமா இருக்குக்கா,” என்று கீரி சிரித்தான். “அதுக்குத்தானே வந்தோம்!”