புதுத் தீவனத்தின் மகிமை

"முதுகை அழுத்துங்க அக்கா, இன்னும் நல்லா அழுத்துங்க!"

"அழுத்தி அழுத்தி என் இடுப்புதான் போச்சு டாக்டரம்மா. இதுவும் ஓடுது."

பருவத்துக்கு வந்த பெட்டைப் பன்றி, முதுகை அழுத்தினால் ஆணி அடித்தாற்போல நிற்கும். வராதது எகிறி ஓடும். அன்று காலை பன்னிரண்டும் ஓடின. கொட்டகை கூட்டும் அக்கா பன்னிரண்டின் பின்னாலும் ஓடினாள்.

அந்த ஆராய்ச்சிப் பண்ணையின் கொட்டகையில் இரண்டு வரிசை, நடுவில் ஆளுயரச் சுவர். இடது வரிசைக்கு வழக்கமான தீவனம். வலது வரிசைக்கு டாக்டரம்மா கண்டுபிடித்த புதுத் தீவனம். அதைத் தின்னும் கன்னிப் பன்றிகள் மூன்று வாரம் முன்னதாகவே பருவத்துக்கு வந்துவிடும் என்பது அவர் கட்சி. சும்மா சொல்லவில்லை. தொகுதிக்குத் தொகுதி புதுப் பன்றிகளை விட்டு, மூன்று தொகுதியிலும் நிரூபித்துக் காட்டியிருந்தார். இடது வரிசை அசமந்தமாகப் படுத்துக் கிடக்கும். வலது வரிசை மட்டும் டாணென்று எழுந்து நிற்கும்.

நாலாவது தொகுதியைத்தான் இயக்குநர் நேரில் பார்க்க வருகிறார். சரியாக வந்தால் டாக்டரம்மாவுக்குத் துறைத் தலைவர் நாற்காலி. வராவிட்டால் தீவனத்தோடு சேர்த்துத் துறையையே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்.

"கல்யாணம் ஆனதிலிருந்தே டாக்டரம்மாவுக்கு வேலையில புத்தியில்லை" என்று கேன்டீனில் எப்போதோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கல்யாணம் ஆகி மூன்று மாதம். மாப்பிள்ளை வெளியாள் இல்லை. அதே பண்ணையில் ஆண் பன்றியைப் பராமரித்து, சினை ஊசி போடுகிறவர்தான். இவ்வளவு படித்த பெண் ஊசிக்காரரிடம் எப்படி விழுந்தாள் என்று அலசுவதில் கேன்டீனில் ஒரு வாரம் டீ ஆறிப்போனது. பொறாமைதான், வேறென்ன!

ஊசிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வேலை இடத்தில் அவருக்கு மனைவியும் மேடம்தான்.

"என்ன மேடம், நின்னுச்சுங்களா?"

"நான்தான் நின்னுக்கிட்டிருக்கேன். அதுங்க எல்லாம் ஓடுதுங்க."

"நாளைக்கு நிக்கும், விடுங்க."

"நாளைக்கு நின்னு யாருக்குப் பிரயோஜனம்? பதினோரு மணிக்குப் பெரியவர் வராரு!"

"ராத்திரியெல்லாம் தூங்காம புலம்பினா இப்படித்தான்" என்றார் ஊசிக்காரர் மெல்ல. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு துடைப்பத்தை நிறுத்தினாள். டாக்டரம்மா முறைத்ததும் துடைப்பம் மறுபடி ஓடியது.

இயக்குநர் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார். வழுக்கைத் தலை, பேச்சில் பாதி கேள்வி. வலது வரிசையில் ஒவ்வொரு பன்றியாக அவரே முதுகை அழுத்தினார். நாலாவது பன்றி அவர் கால்சட்டையில் சேற்றைப் பூசிவிட்டு ஓடியது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

"மூணு தடவை ஜம்முனு வந்தது, இப்ப மட்டும் ஏம்மா வரல? தீவனம் மாறிச்சா?"

"அதே தீவனம்தான் சார். என் கையால கலந்தேன்."

"தண்ணி?"

"அதே தொட்டி."

"குட்டிங்க வாங்கின இடம்?"

"அதே பண்ணை, அதே வயசு, அதே எடை. ஒண்ணுமே மாறல சார்!"

"ஒண்ணு மாறிச்சே" என்றாள் அக்கா, யாரும் கேட்காமலே. "டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆச்சே!"

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்தது. "எனக்குக் கல்யாணம் ஆனா பன்றிக்கு என்ன அக்கா வந்தது? நான் ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா? கல்யாணத்தன்னிக்குக்கூடக் காலையில வந்து எடை பார்த்துட்டுத்தானே போனேன்!"

அது உண்மைதான். முகூர்த்தத்துக்கு வந்தவர்களில் மூக்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

இயக்குநர் ஊசிக்காரர் பக்கம் திரும்பினார். "ஆண் பன்றியை எந்த வழியா வெளியே ஓட்டிட்டுப் போறீங்க?"

"பின்பாதை வழியாத்தான் சார். மேடம் போட்ட ரூல்."

"ஏன் அந்த ரூல்னு தெரியுமா?"

"தெரியும் சார். ஆண் பன்றி தினமும் பக்கத்துல வந்து போனாலே, எதைத் தின்னாலும் கன்னிப் பன்றி சீக்கிரம் பருவத்துக்கு வந்துடும். அப்புறம் அது தீவனத்தாலயா ஆண் வாடையாலயான்னு சொல்ல முடியாது."

"கரெக்ட். ரூலை ஒழுங்கா கடைப்பிடிக்கிறீங்களா?"

"சத்தியமா சார்! இந்த மூணு மாசத்துல ஒரு நாள்கூடத் தவறினது கிடையாது."

டாக்டரம்மா மெல்லத் தலை நிமிர்ந்தார். "மூணு மாசமாவா? அதுக்கு முன்னாடி?"

ஊசிக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசியில் வலது வரிசைக்கு எதிரே திறந்திருந்த டாக்டரம்மாவின் அறை ஜன்னலைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னாடி காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆண் பன்றியை ஓட்டற சாக்குல இந்த ஜன்னல் ஓரமாத்தான் சார் போவேன்" என்றார் தலையைச் சொறிந்தபடி. "இப்பதான் வீட்டுக்குப் போனா மேடமே இருக்காங்களே!"