அத்தான் பெயர் கொண்ட பூச்சி

மூன்று மழைக்காலம் மலைக்காட்டில் அட்டைக்கடி பட்டு அந்த இலை வெட்டுக்கிளியைக் கண்டுபிடித்தவள் தங்கைதான். பழுத்த ஓரம், பூஞ்சைப் புள்ளி வரை அச்சு அசலாக இலை போலவே இருந்த புது இனம் அது. அதைப் பதப்படுத்தி, ஊசியில் குத்தி, சிறகின் நரம்புகளை ஒன்றுவிடாமல் வரைந்து, பூச்சி ஆய்வகத்தில் இருந்த அக்காவிடம் நம்பிக் கொடுத்தாள்.

கட்டுரை வெளிவந்தது. அதில் அக்காவின் பெயர் மட்டும் இருந்தது. பூச்சிக்கு அத்தானின் பெயரைச் சூட்டியிருந்தாள். கரப்பானைக் கண்டாலே கட்டில்மேல் ஏறி நிற்கிற அத்தான்.

"என் பேரு எங்கக்கா?"

"நமக்குள்ள என்னடி உன் பேரு, என் பேரு? நான் வேற நீ வேறயா?"

அதற்குப் பிறகு தங்கை அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. ஆய்வகத்துப் பக்கமும் போகவில்லை.

ஒரு மதியம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா ஃபோன் செய்தாள்.

"பெட்டியில ஊசி மட்டும் நிக்குது, பூச்சியைக் காணோம். அலமாரிப் பூட்டு பூட்டினபடியே இருக்கு. உண்மையைச் சொல்லு, நீ எடுத்தியா?"

இப்போது திருடி என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. தங்கை குழாயை மூடினாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். தொட்டிச் செடியில் ஒரு இலை மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தது. ஊசியில் குத்தும்போது ஒடிந்துபோய் அவளே பசை வைத்து ஒட்டிய பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தது.

கையை நீட்டினாள். ஏறிக்கொண்டது.

"சொல்லுடி, உங்கிட்டதான் இருக்கா?"

"இல்லக்கா," என்றாள். அக்காவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

பூச்சியின் முதுகில் ஊசி போன துளை வழியாக வெயில் இறங்கி, அவள் உள்ளங்கையில் ஒரு புள்ளியாக நின்றது.